பிள்ளையின் பின்னால் பணம் போனால் பாடசாலை என்னாகும்?

வவுச்சர் என்னும் சொல் எமது பெற்றோருக்குப் புதியதன்று. 2016ஆம் பாடசாலை ஆண்டுக்கெனச் சீருடைத் துணிக்குப் பதிலாக வவுச்சர் வழங்கப்பட்டது; பின்னர் அம்முறை கைவிடப்பட்டு மீண்டும் துணியே வழங்கப்பட்டது. பாதணிக்கும் வவுச்சர் வந்தது. ஆயின், பல நாடுகளில் நடைமுறையிலுள்ள கல்வி வவுச்சர் இவற்றினின்றும் வேறானது. ஒரு பிள்ளையின் படிப்புக்கென அரசு செலவிடும் பணம், பெற்றோர் தெரிவுசெய்யும் பாடசாலைக்கு, அது தனியாருடையதாயினும், பிள்ளையுடன் சேர்ந்து செல்வதே அம்முறையாகும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1955 இல் இக்கருத்தை முன்வைத்தார். சிலி 1981 இலும், அமெரிக்காவின் மில்வோக்கி நகரம் 1990 இலும், சுவீடன் 1992 இலும் இதனை வெவ்வேறு வடிவங்களில் நடைமுறைப்படுத்தின. வசதி படைத்தோருக்கு மட்டுமே உள்ள தெரிவுரிமை ஏழைக்கும் கிடைக்கும், போட்டியினால் பாடசாலைகள் திருந்தும் என்பது ஆதரவாளர்களின் வாதம். இதனை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. அயற்பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லையெனில், பெற்றோர் வேறிடம் தேடுவதில் என்ன தவறு?

சிக்கல் கணக்கில்தான் இருக்கின்றது. இருநூறு பிள்ளைகள் கற்கும் பாடசாலையிலிருந்து இருபது பேர் விலகுவதாகக் கொள்வோம். அவர்கள் வகுப்புக்கு இருவராகவே குறைவர். அதனால் ஓர் ஆசிரியரையோ ஒரு வகுப்பறையையோ மின் கட்டணத்தையோ குறைத்துவிட முடியாது. வருமானம் பத்திலொரு பங்கு குறைய, செலவு அப்படியே நிற்கும். அந்தத் துண்டுவிழும் தொகையைச் சுமப்பவர்கள் எஞ்சிய நூற்றெண்பது பிள்ளைகளே.

சிலியின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 1981 இல் மாணவருள் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் அரச பாடசாலைகளில் பயின்றனர். பிற்காலத்தில் அது நாற்பது வீதத்துக்கும் கீழே இறங்கியது. அரச நிதிபெற்ற தனியார் பாடசாலைகள் மேலதிகக் கட்டணமும் அறவிட்டு, மாணவரைத் தெரிந்தெடுத்தன. 2006 இலும் 2011 இலும் மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். 2015ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டணத்தையும் தெரிந்தெடுப்பையும் படிப்படியாக நீக்க வழிசெய்தது.

இது தொலைதூரத்துக் கதை என்று கல்முனையில் இருக்கும் நாம் எண்ணலாகாது. எமது நாட்டில் வவுச்சர் இல்லையாயினும், ஆசிரியர் ஆளணியும் தர உள்ளீட்டு நிதியும் பெரும்பாலும் மாணவர் தொகையைப் பொறுத்தே அமைகின்றன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளை பெரிய பாடசாலைக்குச் செல்கையில், ஊர்ப் பாடசாலை இழப்பது ஒரு பெயரை மட்டுமன்று. ஏற்கனவே இருக்கும் இந்தச் சரிவில், கம்பனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் பாடசாலைகளுக்கும் அரச பணம் செல்ல வழிதிறந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இப்பகுதி முஸ்லிம்களின் கல்விக்குறையை நேரிற் கண்டார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாக அவ்வனுபவமே வித்திட்டது. அந்நிதி வறிய மாணவருக்குக் கைகொடுத்தது. எந்தப் பாடசாலையின் பங்கையும் பறித்துக் கொடுக்கவில்லை. அதே ஆண்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு உதவி, பாடசாலைக்கு நிதி என இரண்டும் அருகருகே நின்றமையால் வறிய வீட்டுப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்தின் வாயில் திறந்தது.

எனவே, தெரிவுரிமையைப் பேசுவோர் முதலில் ஒன்றைச் செய்யவேண்டும். சிறிய பாடசாலைக்கு, மாணவர் தொகை எதுவாயினும், குறைந்தபட்ச ஆசிரியரும் அடிப்படை நிதியும் உறுதிசெய்யப்பட வேண்டும். வறிய பிள்ளைகள் கூடுதலாகக் கற்கும் பாடசாலைக்கு மேலதிக நிதி ஒதுக்கப்பட வேண்டும். சிலியே 2008 இல் அத்தகைய சட்டமொன்றை இயற்ற நேர்ந்தது. வீட்டுக்கு அருகிலேயே நல்ல பாடசாலை இருப்பதுதான் ஏழைப் பெற்றோருக்கு உண்மையான தெரிவு.