உப்புத் தண்ணீரில் பாசி: மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை

மழைக்காலம் வந்துவிட்டால் உப்பு மூட்டை கசிகிறது, சாக்கு நனைகிறது, தரையெல்லாம் ஈரம் என்ற புகார் நம் கடைகளில் வழக்கமாகிவிடும். உப்பில் கிடைக்கும் லாபமோ சொற்பம். அதற்காக வாடிக்கையாளரிடம் கேட்கும் பேச்சு அதிகம். இதற்குக் காரணம் நம் கிடங்கில் மட்டும் இல்லை. திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மரக்காணம் உப்பளங்களின் தண்ணீரிலும், அதில் வளரும் பாசியிலும் பாதிக் காரணம் இருக்கிறது.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. போமே என்னும் அளவில் இது 3 முதல் 3½ டிகிரி. இந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைக்கிறார்கள். வழியிலேயே சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடும். 25 டிகிரி அளவில் நாம் விற்கும் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் மீதமிருக்கும் நீரில் மக்னீசிய உப்புகளே மிகுதி. அது கசப்பு நீர், அதை வெளியேற்றிவிட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மூட்டையைக் கசிய வைப்பது பெரும்பாலும் இந்த மக்னீசியம்தான்.

பாசி என்றாலே கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. முதற் பாத்திகளின் தரையில் மெத்தைபோல் படியும் பாசி, நீர் மண்ணுக்குள் இறங்காமல் காக்கிறது. உப்பு விளையும் பாத்தியில் நீர் சிவப்பது துனாலியெல்லா என்னும் நுண்பாசியாலும், உப்பை விரும்பும் சில கிருமிகளாலும். அந்தச் சிவப்பு வெயிலை ஈர்த்து நீர் விரைவில் வற்ற உதவுகிறது. தொல்லை தருவது வேறு வகை. சத்து மிகுந்த நீரில் ஒருவகை நீலப்பச்சைப் பாசி பெருகி, கஞ்சிபோல் வழவழப்பைச் சுரக்கும். அப்போது நீர் மெதுவாகவே வற்றும். உப்பு பெரிய கல்லாக விளையாமல் பொடிந்து, இடுக்குகளில் கசப்பு நீரைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? வயல் உரம் கலந்த மழைநீரும் ஊர்ச் சாக்கடையும் உப்பங்கழியில் கலப்பதால் வருகிறது. ஆகவே பாசியை மட்டும் வாரிப் போட்டால் அது மறுபடி வளரும். புது நீர் விடுமுன் அதன் தெளிவைப் பார்ப்பது, ஒவ்வொரு பாத்தியிலும் டிகிரியை ஒரே நிலையில் வைப்பது, மழைக்காலம் முடிந்ததும் தரையைக் காயவிட்டுச் சேற்றை அகற்றுவது ஆகியவையே சரியான வழிகள். மருந்தடிப்பது உண்ணும் பொருளுக்கு ஆகாது. ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்பு இறால் உள்ள அளங்களில் அது பாசியைத் தின்று நீரைத் தெளிய வைக்கும்.

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்போருக்கும் இதே விதிதான். இரையை அதிகம் போட்டால் மீதி அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேரும், பாசி படரும். இரையையும் விளக்கு எரியும் நேரத்தையும் குறைத்து, நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நல்ல நீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை அல்லவா! இப்படி மீன் வளர்ப்பவர் நம் கடையில் கல் உப்பு கேட்டால், அதைக் கொண்டு கடல் நீர் தயாரிக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். கடல் உயிர்களுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்திலும் மக்னீசியத்திலும் பெரும்பகுதி அளத்திலேயே தங்கிவிட்டது. அதற்கென விற்கும் உப்புக் கலவையையே அவர் வாங்க வேண்டும்.

இதில் நம் பங்கும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அளக்காரர், குவியல் இன்னும் மூன்று நாள் வடியட்டும் என்றார். லாரி காத்திருக்கிறது என்று நெருக்கிச் சரக்கை ஏற்றினேன். பாதி மூட்டைகள் கசிந்தன. நானும் விலையைப் பிடித்துக்கொண்டேன். பின்னர் அளத்துக்குப் போனபோது அவர் பாத்தி நீரைக் கையில் அள்ளிக் காட்டினார். அது விரலில் நூல்போல் இழுத்தது. "தண்ணி இப்படி இருந்தா வடிய நாளாகும்னு அன்னைக்கே சொன்னேனே, முதலாளி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிடித்த தொகையை அடுத்த கணக்கில் சேர்த்துக் கொடுத்தேன். நீர் கெட்டது அவர் குற்றமல்ல. வடியவிடாதது என் அவசரம்.

ஆகவே உப்பு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: கைப்பிடி உப்பை இறுக்கிப் பாருங்கள், உள்ளங்கை நனைந்தால் ஏற்ற வேண்டாம். நாவில் வைத்தால் கசப்பு தெரியக் கூடாது. குவித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். சமையல் உப்பு அயோடின் கலந்ததாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சில்லறைக் கடையிலும் அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. கசியும் உப்பிலிருந்து அயோடினும் வெளியேறிவிடும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

மூன்று நாள் பொறுத்தால் மூன்று மாதப் புகார் குறையும். அளக்காரருக்கு அந்த மூன்று நாளைக் கொடுப்போம். நம் கடையின் பெயரும் நிலைக்கும்.