வாட்ஸ்அப் ஓடும், 000 போகாது: ஆஸ்திரேலியாவில் பழைய போன்

ஆஸ்திரேலியாவில் இப்போது 3ஜி கிடையாது. வோடஃபோன் 2024 ஜனவரியில் அதை முடித்துக்கொண்டது. மற்ற செல்பேசி நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் கெடுவைத் தள்ளிப்போட்டு, 2024 அக்டோபர் 28 முதல் அணைக்கத் தொடங்கின. கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது: அவசர எண்ணான 000-ஐ அழைக்க இயலாத போனுக்கு எந்த நிறுவனமும் சேவை தரக் கூடாது. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பழைய போனோடு போய், அங்கே சிம் வாங்கிப் போடும் பெற்றோருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இணையம் வருகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, போனும் 4ஜி. பிறகு ஏன் முடக்குகிறார்கள்?

காரணம் 4ஜியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கென்று தனித்தடம் உண்டு. 4ஜியில் அது இல்லை; அங்கே தரவு மட்டுமே போகும். பேச்சையும் தரவாக மாற்றி அனுப்பும் ஏற்பாடுதான் வோல்ட்இ. அது இல்லாத 4ஜி போன், எண்ணை அழுத்தியதும் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு, அழைப்பு முடிந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். ஐபோன் 5எஸ் இந்த வகை. இறங்க இடமில்லாத ஊரில் அதனால் பேச முடியாது.

வோல்ட்இ இருக்கிறது என்பதோடும் விஷயம் முடிவதில்லை. எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அது எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்புகளை போன் தயாரிப்பாளர்கள் மென்பொருளில் தனித்தனியாக எழுதி வைக்கிறார்கள். சிம்முக்குள் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும் எண் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 505, அதில் டெல்ஸ்ட்ராவுக்கு 01. போன் அதைப் படித்துத் தன்னிடமுள்ள அமைப்புகளில் தேடும். கிடைக்காவிட்டால் பல போன்களில் வோல்ட்இ அணைந்தே கிடக்கும். ஜியோ 2016இல் 4ஜியை மட்டும் வைத்துக்கொண்டு வந்ததால் இந்தியாவில் வோல்ட்இ போன்கள் பெருகின. ஆனால் ஜியோவில் பேச முடிந்த போன் டெல்ஸ்ட்ராவிலும் பேசும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. கடையில் ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண்ணும் மென்பொருளும் மாறும்.

இவற்றைவிட ஆபத்தானது மூன்றாவது வகை. மகனோடு பேசினால் 4ஜியில் தெளிவாகப் பேசும். 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும். அவசர அழைப்புக்கு மென்பொருளில் தனி வழி உண்டு. 3ஜிதான் நம்பகமானது என்று கருதிய காலத்தில் அந்த வழியை அதிலேயே பூட்டி வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட போன்கள் 7,40,000க்கு மேல் புழக்கத்தில் இருப்பதாக ஆஸ்திரேலிய அரசே 2024 மார்ச்சில் சொன்னது. வைத்திருப்பவருக்கு இது தானாகத் தெரிய வழியில்லை. சோதித்துப் பார்க்க 000-ஐ அழைக்கக் கூடாது. நெஞ்சுவலி வந்த இரவில்தான் குறை வெளிப்படும்.

ஆகவே “4ஜி” என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அவசர அழைப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நிறுவனங்கள் தரும் சான்றையும் அளவோடுதான் நம்ப வேண்டியிருக்கிறது. 3ஜி நிறுத்தத்தின்போது, 3498க்கு ‘3’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் நிலை தெரியும் என்றார்கள். ஆனால் ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், சுமார் 70 பழைய சாம்சங் மாடல்களில் புதிய குறை வெளியே வந்தது. சொந்த நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாவிட்டால் அவசர அழைப்பு எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் போக வேண்டும். வோடஃபோன் டவர் மட்டுமே எட்டும் இடத்தில், இந்த மாடல்கள் அணைந்துபோன அதன் 3ஜியைத் தேடிக்கொண்டிருந்தன. பலவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். கேலக்ஸி எஸ்6, எஸ்7, நோட் 5 போன்ற சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். “சரியான போன்” என்ற சொல்லுக்கு, இதுவரை குறை கண்டுபிடிக்கப்படாத போன் என்பதற்கு மேல் பொருளில்லை.

நன்றாக ஓடும் போனை முடக்குவது கொடுமையாகத் தெரியலாம். ஆபத்தில் கைவிடும் போனை நம்பி வீட்டில் தனியாக இருப்பது அதைவிடக் கொடுமை. கட்டுப்பாடு சரியானதுதான். குறை, அது இவ்வளவு தாமதமாக வந்ததில் இருக்கிறது.

இந்தப் பயணத்தில் எழும் மற்ற கேள்விகளுக்கு விடை சுருக்கமானது. முடக்கிய போன் வைஃபையில் வாட்ஸ்அப்புக்கு உதவும்; 000க்கு அதை நம்பக் கூடாது. வங்கி ஓடிபிக்கு இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அங்கே ப்ரீபெய்டு சிம் வாங்க அடையாளச் சான்று தேவை, பாஸ்போர்ட் போதும். ஆஸ்திரேலியா மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் 3ஜி 2024 வரைதான் இருந்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலேயே மூடிவிட்டன.

புறப்படும் முன் போனின் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு, சிம் வாங்கும் நிறுவனத்திடம் “000 போகுமா?” என்றே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அங்கேயே விற்கும் எளிய 4ஜி போன் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. இந்தியாவின் ஆம்புலன்ஸ் எண்ணான 108 அங்கே உதவாது. செல்பேசியிலிருந்து 112 அழைத்தாலும் 000க்கே போய்ச் சேரும்.