'கே' என்ற ஒற்றை எழுத்து

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, தன் சேமிப்போடு அக்கா கொடுத்த பணத்தையும் சேர்த்து ஒரு பிராண்டட் கேமிங் சிஸ்டம் வாங்கினான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'இன்டெல் கோர் ஐ7-12700கே' என்று இருந்தது. அந்தக் கடைசி எழுத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"மாமா, கே போட்டிருந்தா ஓவர்கிளாக் பண்ணலாம். அஞ்சு பாயிண்ட் ரெண்டு வரைக்கும் ஏத்திப் பாக்கலாமா?"

அவன் சொன்னதில் தவறில்லை. பிராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வேகம் வரும். 47 என்றால் 4.7 கிகாஹெர்ட்ஸ், 52 என்றால் 5.2. பெரும்பாலான பிராசஸர்களில் இந்த எண்ணை இன்டெல் பூட்டிவிடுகிறது. பூட்டாமல் விட்டதற்கு அடையாளம்தான் 'கே'. அதற்கு விலையும் கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பயாஸைத் திறந்தோம். தேதி, நேரம், பாஸ்வேர்டு, எந்த டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற வரிசை. அவ்வளவுதான். மல்டிப்ளையர் என்ற சொல்லே எங்கும் இல்லை. இன்டெல்லின் எக்ஸ்ட்ரீம் ட்யூனிங் யுட்டிலிட்டியை இறக்கிப் பார்த்தோம். வேகத்தை ஏற்றும் பட்டை மங்கிக் கிடந்தது, இழுத்தால் நகரவில்லை. பிறகு சிபியூ-இசட் மென்பொருளில் மதர்போர்டு பக்கத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சிப்செட் பி660.

பிராசஸர் பூட்டில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, மதர்போர்டில் இசட் வரிசை சிப்செட்டும் இருக்க வேண்டும் என்பது இன்டெல்லின் விதி. 12ஆம் தலைமுறைக்கு அது இசட்690. பி660இல் ரேமின் வேகத்தை ஏற்றலாம், பிராசஸரை ஏற்ற முடியாது. ஏஎம்டி இதில் கொஞ்சம் தாராளம். ரைசனை பி வகை சிப்செட்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம்.

சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்குகிறவர் இப்படி மாட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு. எந்த போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதித்தான் அங்கே கொட்டேஷன் போடுவார்கள். எங்கள் பெட்டியில் பிராசஸர் பெயர் இருந்தது, கிராஃபிக்ஸ் கார்டு பெயர் இருந்தது, விளக்குகள் எத்தனை நிறத்தில் எரியும் என்றுகூட இருந்தது. சிப்செட் பற்றி ஒரு வரி இல்லை. இதைச் சின்ன விஷயமாக என்னால் ஒதுக்க முடியவில்லை. கே இல்லாத 12700இன் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், கேவுக்கு 3.6, அதனால் கொடுத்த காசு முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வசதியின் பெயரைச் சொல்லி விலையை வாங்கிக்கொண்டு, அந்த வசதி வேலை செய்யாத போர்டில் பொருத்தி விற்பது அநீதி. முதல் சிஸ்டம் வாங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

போர்டை மாற்றிவிடலாமே என்றுதான் அடுத்துத் தோன்றும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். போர்டின் வடிவம் அந்த நிறுவனத்துக்கே உரியது. ஸ்க்ரூ துளைகள் வெளிச்சந்தை போர்டுகளோடு பொருந்தவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்த கனெக்டரும் வழக்கமான 24 பின் அல்ல. போர்டை மாற்றினால் எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் வி.ஆர்.எம். பகுதியின் மேல் ஒரு ஹீட்சிங்க்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு, பூட்டே இல்லாமல் இருந்திருந்தாலும் இந்த போர்டில் 5.2ஐ முயன்றிருக்க மாட்டேன்.

மின்செலவு வேகத்தோடு கூடும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்ற, வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்ற வேண்டிவந்தால் மின்செலவு ஏறக்குறைய 33 சதவீதம் எகிறும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். கூலர் அந்தச் சூட்டை அறைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. அறைக் காற்றைவிடக் குளிர வைக்க அதனால் ஆகாது. 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு, 36 டிகிரியில் புழுங்கும் சென்னை அறையில் அதையே எதிர்பார்க்கக் கூடாது. அந்த 14 டிகிரி ஏறக்குறைய அப்படியே பிராசஸரின் சூட்டில் வந்து ஏறிக்கொள்ளும். இவன் சிஸ்டமோ எதையும் ஏற்றாமலே, வீடியோ ஒன்றை ரெண்டர் செய்தபோது சில நிமிடங்களில் 100 டிகிரியைத் தொட்டது. 12700கேவுக்கு அதுதான் எல்லை. அங்கே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

ஓவர்கிளாக்கிங் மீது எனக்குப் பிரியம் வந்தது செலரான் 300ஏ காலத்தில். 1998இல் வந்த அந்த மலிவு பிராசஸரின் மல்டிப்ளையர் 4.5இல் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடும். பாதி வேகம் கூடுதலாக, இலவசமாக! 2011இல் வந்த ஐ5-2500கேவும் அப்படித்தான், 3.3 கிகாஹெர்ட்ஸ் சில்லை நல்ல கூலர் போட்டு 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். அந்த மிச்சம் இன்று இல்லை. 12700கே தானாகவே 3.6இலிருந்து 5.0 வரை ஏறுகிறது. நாம் சுரண்டி எடுத்த மிச்சத்தைத் தொழிற்சாலையே எடுத்து, டர்போ என்று பெயர் வைத்து விற்கிறது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் அது எல்லை மீறியும் போனது. அளவுக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சில்லுகள் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்ட வேண்டியிருந்தது.

அதனால் அவனிடம் வேறு கேள்வி கேட்டேன். பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தையாவது இது முழுதாகத் தருகிறதா? தரவில்லை. அங்கேயிருந்துதான் வேலையைத் தொடங்கினோம். கூலரைக் கழற்றிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினோம். முன்பக்கம் ஃபேனுக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒன்றை மாட்டினோம். 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, ஒற்றைச் சேனலில் ஓடிக்கொண்டிருந்தது. அதே வகையில் இன்னொரு குச்சி வாங்கிச் செருகினோம். விளையாட்டில் இதுதான் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். கூட்டமான காட்சிகளில் படம் திக்கித் திக்கி நின்றது நின்றுபோனது. ரெண்டர் செய்யும்போதும் சூடு எல்லைக்குக் கீழேயே இருந்தது, வேகம் இறங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் பயாஸில் ஓர் எண்ணை மாற்றி அடைந்த மகிழ்ச்சி, அன்று ஒரு ஃபேனை மாட்டியதில் எனக்குக் கிடைத்தது.

போன மாதம் அவன் நண்பன் ஒருவன் சிஸ்டம் வாங்கக் கடைக்குப் போனான். இவனும் கூடப் போனான். "கே இருக்குப்பா, ஓவர்கிளாக் ஆகும்" என்று விற்பனையாளர் பெட்டியைத் தட்டிக் காட்டினாராம். "அண்ணே, உள்ள என்ன சிப்செட்?" என்று கேட்டிருக்கிறான் இவன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விடை கிடைக்காமல், அவர் தன் மேலாளருக்கு போன் போட்டிருக்கிறார். மேலாளருக்கும் தெரியவில்லை.