நீ எந்த நாடு?

"நீ எந்த நாடு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "இந்தியா!" என்பீர்கள். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் போய்க் கேட்டுப் பாருங்கள். "அரியூர் நாடு" என்றும் பதில் வரலாம்!

அங்கே பல சிற்றூர்கள் சேர்ந்ததுதான் ஒரு 'நாடு'. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். அதில் ஒன்று அரியூர் நாடு.

சரி, உங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து அரியூர் நாட்டுப் பள்ளி ஒன்றுக்குக் கதைப் புத்தகங்கள் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்சலில் 'அரியூர்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? வேலூர் அருகே ஓர் அரியூர் இருக்கிறது. புதுச்சேரியிலும் ஓர் அரியூர் இருக்கிறது. பாவம் தபால்காரர்! புத்தகத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் பாவம்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான், 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். கொல்லிமலை செம்மேட்டின் பின்கோடு 637411. முதலில் உள்ள 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்மண்டலத்தைக் குறிக்கும். 637 என்று சேர்த்துப் படித்தால் நாமக்கல் வட்டாரம். கடைசி 411, அஞ்சலகத்தைக் காட்டிவிடும்.

நிறைய பேருக்குக் கடிதம் அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் முகவரி எழுதினால் கை வலிக்கும், தப்பும் வரும். அதற்குத்தான் அச்சடித்து ஒட்டும் முகவரி லேபிள். பின்னால் பசையுள்ள இந்த லேபிளை 1935-ல் அமெரிக்காவில் தயாரித்தவர் ஸ்டான்டன் ஏவரி.

கடையில் ஏ4 தாளாகக் கிடைக்கும். ஒரு தாளில் 24 லேபிள் உள்ளதை வாங்கினால் லாபம்தானே என்று தோன்றும். ஆனால், அது ஒவ்வொன்றும் சுமார் 6 செ.மீ. அகலம்தான். பெயர், சிற்றூர், நாடு, அஞ்சல், மாவட்டம், பின்கோடு என்று ஆறு வரி வேண்டுமே! நம் தமிழ் எழுத்துக்கோ மேலே புள்ளி, கீழே சுழி. வரிகள் ஒன்றோடொன்று மோதும். தாளுக்கு 14 லேபிள் உள்ளதே நல்லது. கொல்லிமலையின் 14 நாடுகளுக்கும் ஒரே தாள் போதும்!

இதையும் கவனியுங்கள்:

* லேசர் பிரிண்டர் சூடாகும். எனவே, 'லேசர்' என்று போட்ட லேபிள் தாளையே அதில் வையுங்கள். வேறு தாள் வைத்தால் பசை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

* இங்க்ஜெட் மை, மழையில் நனைந்தால் கரையலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் பார்சலுக்கு லேசர் அச்சே மேல்.

* முதலில் வெள்ளைத்தாளில் அச்சடித்து, லேபிள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எழுத்து கட்டத்துக்குள் இருக்கிறதா?

* தபால் தலைக்கு வலது மேல் மூலையை விட்டுவிட்டு, அதற்குக் கீழே லேபிளை ஒட்டுங்கள். அனுப்புநர் முகவரியையும் மறக்காதீர்கள். பெறுபவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பார்சல் உங்களிடமே திரும்பி வரும்.

* தேவைக்கு மட்டும் அச்சடியுங்கள். முகவரியும் மாறும்! சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை, 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

கதவு எண் இல்லாத மலை வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி வந்துவிட்டது. 2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' முறையை வெளியிட்டது. நாட்டையே சுமார் 4 மீட்டர் நீள, அகலச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு தந்திருக்கிறார்கள். பின்கோடோடு இதையும் லேபிளில் சேர்க்கலாம்.

லேபிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், முகவரி முழுசாக இருந்தால்தான் பார்சல் போய்ச் சேரும். உங்கள் வீட்டுப் பின்கோடு என்ன? பார்க்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம்!