முதல் மேசைப்பந்து மட்டை எப்படி இருக்க வேண்டும்?

ஆயர் ஈத்தாம் சாலையோர மண்பாண்டக் கடைகளில் சட்டி வாங்குபவர்கள் விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். ஓசையே அதன் தரத்தைச் சொல்லிவிடும். மேசைப்பந்து மட்டையையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம் என்றால் என் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள்.

இவ்வூர் மாணவர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் பயிற்சி அளித்து வருகிறேன். "எந்த மட்டை வாங்கலாம், சார்?" என்பதுதான் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. படிவம் இரண்டு மாணவி ஒருவருக்கு, அவர் தந்தை ஓவர்டைம் வேலை செய்து சேர்த்த பல நூறு வெள்ளியில் கார்பன் மட்டை வாங்கித் தந்தார். மெதுவாகத் தள்ள வேண்டிய பந்தும் மேசையைத் தாண்டிப் பறந்தது. பள்ளி அணியில் இடம் கிடைக்கவில்லை. "எனக்கு விளையாட்டே வராது" என்று ஒதுங்கப் பார்த்தார். ஐந்து அடுக்கு மர மட்டை ஒன்றை இரவல் கொடுத்தேன். சில வாரங்களில் பந்து மேசைக்குள் விழத் தொடங்கியது. இன்று அவர் அணியில் இருக்கிறார்.

காரணம் எளிது. மட்டையின் உயிர், ரப்பருக்கு அடியில் இருக்கும் மரப்பலகை. அனைத்துலக விதிப்படி அதன் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். அடுக்குகளுக்கிடையே கார்பன் இழை சேர்த்தால் பலகை விறைப்பாகும். பட்டவுடன் பந்து சீறிப் பாயும். மரம் மட்டுமே உள்ள பலகை சற்று வளைந்து கொடுக்கும். பந்து பட்ட உணர்வு கைக்குத் தெளிவாகத் தெரியும். அந்த உணர்வுதான் மாணவருக்கு ஆசிரியர்.

கடைகளில் பலகைகளைத் தற்காப்பு, ஆல்ரவுண்ட், தாக்குதல் என்று வகைப்படுத்தியிருப்பார்கள். தள்ளுதல், தடுத்தல், சுழற்றி அடித்தல் அனைத்தையும் கற்க விரும்புபவருக்கு ஆல்ரவுண்ட் வகையே ஏற்றது. இத்தகைய பலதிறன் ஆட்டத்துக்குச் சுவீடனின் யான் ஓவ் வால்ட்னர் சிறந்த எடுத்துக்காட்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 38 வயதிலும் அரையிறுதிக்கு முன்னேறினார்.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

முதலாவது, அடுக்கு. ஐந்து அடுக்கு மரம் போதும். ஆயூஸ், லிம்பா ஆகிய ஆப்பிரிக்க மரங்கள் இவ்வகையில் அதிகம் பயன்படுகின்றன.

இரண்டாவது, ஓசை. ரப்பர் ஒட்டாத பலகையில் பந்தைத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்ற கூர்மையான ஒலி வந்தால் பலகை விறைப்பானது, வேகமானது. 'டொக்' என்று தாழ்ந்த ஒலி வந்தால் மென்மையானது.

மூன்றாவது, எடை. பலகை மட்டும் 80 முதல் 88 கிராம் வரை இருந்தால் மணிக்கட்டு களைக்காது.

நான்காவது, பிடி. அடிப்பகுதி விரிந்த பிடி கையிலிருந்து நழுவாது. நேரான பிடியில் விரல்களை எளிதாக மாற்றலாம். கையில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, ரப்பர். பலகையில் மிச்சமாகும் பணத்தை இதற்குச் செலவிடுங்கள். பஞ்சின் தடிமன் 1.8 முதல் 2.0 மில்லிமீட்டர் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

மட்டையால் வெற்றியே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டு பம்பாய் உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ, தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையால் எதிராளிகளைத் திணறடித்து வெற்றியாளரானார். பின்னர் 1959இல் பஞ்சு ரப்பரின் தடிமனுக்கு 4 மில்லிமீட்டர் வரம்பு வந்தது. இன்று விதி எல்லாருக்கும் ஒன்றே; வேறுபாடு பயிற்சியில்தான்.

மாணவர்களே, பத்து பந்துகளில் எட்டையாவது நினைத்த இடத்தில் போட முடிகிறதா? அந்த நிலையை எட்டிய பிறகு வேகமான பலகையைப் பற்றி யோசியுங்கள். அதுவரை அப்பாவின் ஓவர்டைம் பணம் பத்திரமாக இருக்கட்டும்.