கையெழுத்து – 14: காரணம் தேடும் பல்கலைக்கழகம்

2025 நவம்பர் 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், தன் ஃபுட்பால் அணியின் தலைமைக் கோச் பிரையன் கெல்லியை வேலையை விட்டு அனுப்பி அன்றோடு இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அறிக்கை வெளியாகி, நாடு முழுக்கச் செய்தி ஓடி முடிந்து, வேறொருவர் இடைக்காலக் கோச்சாக அணியை நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் திங்கட்கிழமை பல்கலைக்கழகத் தரப்பினர் கெல்லியின் வக்கீல்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள்: கெல்லி இன்னும் முறைப்படி நீக்கப்படவே இல்லை. அவரை அனுப்பிய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் உட்வர்டுக்கு அதற்கான அதிகாரமே கிடையாது. அதோடு, அவரைக் காரணத்தோடு நீக்குவதற்கு இடம் இருப்பதாகவும் பல்கலைக்கழகம் நினைக்கிறது.

கெல்லி தரப்பு மனுவில் இப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கே அவர்கள் பேட்டன் ரூஜ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கேட்டது பணம்கூட இல்லை. தன்னை ‘காரணமின்றி’ நீக்கினார்கள் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் விலை சுமார் 5.4 கோடி டாலர்.

இந்தத் தொடரில் இதுவரை வீட்டு வாடகை, காப்பீடு, சினிமா ஒப்பந்தம் என்று பார்த்துவந்தோம். கையெழுத்துப் போடுகிற நாளில் யாரும் நின்று படிக்காத ஒரு வரி, பிரிகிற நாளில் எப்படி விசுவரூபம் எடுக்கும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகளின் ஒப்பந்தத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதுகிற ஆட்டம். லூசியானா ஸ்டேட்டின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட், தொலைக்காட்சி உரிமை, நன்கொடை என்று பணம் கொட்டுகிறது. பல மாநிலங்களில் அரசு ஊதியம் வாங்குகிறவர்களிலேயே அதிகச் சம்பளக்காரர் கவர்னர் இல்லை, கோச்தான்.

கெல்லியின் ஒப்பந்தம் 2021 கடைசியில் போட்டது. பத்து ஆண்டு, சுமார் 9.5 கோடி டாலர். இடையில் காரணமின்றி அனுப்பினால், மீதமிருக்கும் சம்பளத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும். இப்படிக் கொடுத்து அனுப்புகிற தொகைக்குத்தான் ‘பைஅவுட்’ என்று பெயர். கெல்லி சுமாரான ஆள் என்றும் சொல்ல முடியாது. 48 ஆட்டங்களில் 34 ஜெயித்திருந்தார். ஆனால் 2025 அக்டோபர் 25 அன்று சொந்த மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றார்கள். இடைவேளையில் முன்னால் இருந்த அணி, இரண்டாம் பாதியில் நொறுங்கிப்போனது. மறுநாள் ஞாயிறு, வேலை போயிற்று.

தோற்றதற்குத்தான் அனுப்பினார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஒப்பந்தத்தில் தோல்வி ஒரு காரணம் ஆகாது. ‘காரணத்தோடு’ நீக்க வேண்டுமானால் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதிகளைக் கடுமையாக மீறியிருக்க வேண்டும், அல்லது குற்ற வழக்கு, ஒழுக்கக்கேடு என்று ஏதாவது இருக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் ஒரு காசும் தர வேண்டியதில்லை. நிரூபிக்க முடியாவிட்டால் அத்தனையும் தர வேண்டும். நடுவில் எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரு கோச்சை அனுப்பிய மறுநாளிலிருந்து பழைய மின்னஞ்சல்களையும் கணக்குகளையும் புரட்டிப் பார்க்கிற வேலை இத்தனை இடங்களில் ஆரம்பமாகிறது.

கெல்லி விஷயத்தில் அரசியலும் சேர்ந்துகொண்டது. லூசியானா கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி செய்தியாளர்கள் முன்னால் அந்த ஒப்பந்தத்தைப் போட்டுத் தாக்கினார். அடுத்த கோச்சை உட்வர்ட் தேர்ந்தெடுக்கப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாளே உட்வர்ட் பதவியில் இல்லை. கவர்னரின் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2017இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் இயக்குநராக இருந்தவரும் இதே உட்வர்ட்தான். அங்கே கோச்சாக வந்த ஜிம்போ ஃபிஷருக்குப் பத்து ஆண்டுக்கு 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதத்தோடு எழுதிக்கொடுத்தவர் அவர். உட்வர்ட் போன பிறகு, 2021இல், அதை 2031 வரை நீட்டினார்கள். 2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஃபிஷர் அணி 51-10 என்று ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்பிவிட்டார்கள். பைஅவுட் சுமார் 7.6 கோடி டாலர். அதுவரை எந்தக் கல்லூரி கோச்சுக்கும் போகாத தொகை. ஃபிஷர் மறுநாளே வேறு வேலையில் சேர்ந்தாலும் அதில் ஒரு டாலர் கழிக்க முடியாது.

கெல்லிக்கு முதலில் 2.5 கோடி, பிறகு 3 கோடி மொத்தமாகத் தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்று பேசிப் பார்த்தார்கள் என்கிறது மனு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமைப் பேச்சு. பேரம் படியாதபோது மட்டும் ஒருவருடைய குற்றம் ஞாபகத்துக்கு வருகிறதென்றால், அது குற்றம்தானா, இல்லை பேரத்தின் அடுத்த கட்டமா? நவம்பர் 26 அன்று பல்கலைக்கழகத்தின் புதிய தலைவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் வந்தது. கெல்லியைக் காரணமின்றித்தான் நீக்கினோம், ஒப்பந்தப்படி சேர வேண்டியதைத் தருகிறோம் என்று. இரண்டு வாரம் மிரட்டிய ‘காரணம்’ எங்கே போயிற்று என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இனி கெல்லி வேறு வேலையை உண்மையாகத் தேட வேண்டும். கிடைத்தால் அந்தச் சம்பளத்தைப் பைஅவுட்டில் கழித்துக்கொள்வார்கள். இந்த ‘வேலை தேடும் கடமை’ இருக்கிறதே, இதுவே தனி வழக்குகளுக்கு ஊற்று. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியபோது பைஅவுட் 5 கோடி டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். 90 லட்சம் டாலரோடு கணக்கு முடிந்தது. சண்டை இல்லை, கோர்ட் இல்லை.

பிரெட் பியலெமாவுக்கு அப்படி நடக்கவில்லை. 2017 நவம்பரில் அவர் கோச்சாக இருந்த ஆர்கன்சாஸ் பல்கலைக்கழக அணி கடைசி ஆட்டத்தில் தோற்றது. மைதானத்தைவிட்டு வந்த கையோடு, ரசிகர்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே, அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சுமார் 1.19 கோடி டாலரைத் தவணையாகத் தருவதாகப் பேசி முடித்தது பல்கலைக்கழகம் இல்லை, அதன் விளையாட்டுக்கு நன்கொடை திரட்டுகிற ரேசர்பேக் ஃபவுண்டேஷன். நிபந்தனை: வேலை தேட முழு முயற்சி எடுக்க வேண்டும். பியலெமா நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில், அதன் தலைமைக் கோச் பில் பெலிசிக்கிடம் போய்ச் சேர்ந்தார். தொழில் தெரிந்த எவரும் அந்த மனிதரிடம் வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். 2019 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் கோப்பையையே வாங்கியது. ஆனால் பியலெமாவின் சம்பளம் மிகக் குறைவு. குறைந்த சம்பளத்துக்கு வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறார், தலைமைக் கோச் வேலை தேடவே இல்லை என்று சொல்லி ஃபவுண்டேஷன் தவணையை நிறுத்தியது. அவர் 70 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவர்கள் ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு எதிர்வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2021இல் 35 லட்சத்துக்குச் சமரசம்.

ஒரு மனிதன் வேலையை உண்மையாகத் தேடினானா என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? எத்தனை போன் போட்டார், யாரிடம் பேசினார், எந்த அழைப்பை எடுக்கவில்லை என்று வக்கீல்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கான வரியை இப்படிக் கொழகொழவென்று எழுதியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கறாராக எழுதிய வரி எப்படிக் காப்பாற்றும் என்பதற்குக் கோச் கெவின் ஆலி ஓர் உதாரணம். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அதற்கப்புறம் ஆட்டம் சரிந்தது. 2018 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. விதிமீறல் என்று சொல்லி, பைஅவுட் எதுவும் இல்லாமல் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு என்.சி.ஏ.ஏ.வும் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. கதை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் ஆலி அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர். நீக்குவதற்கு நியாயமான காரணத்தை நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும் என்ற சங்க ஒப்பந்தத்தின் பாதுகாப்பு அவருக்கும் இருந்தது. 2022 ஜனவரியில் நடுவர் தீர்ப்புச் சொன்னார்: நிர்வாகம் நிரூபிக்கவில்லை, 10 வேலை நாளுக்குள் 1,11,57,032 டாலர் 95 சென்ட் கொடுக்க வேண்டும். அந்தச் சென்ட் கணக்கைப் படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. சம்பளம் என்றால் அப்படித்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். பிறகு வேறு கோரிக்கைகளுக்காக இன்னும் 39 லட்சம் டாலரும் கொடுத்தார்கள்.

இந்த வழக்குகளுக்கு மூத்தது ஒன்று ஜார்ஜியாவில் உண்டு. 1979 டிசம்பரில் ஜார்ஜியா டெக் தன் கோச் பெப்பர் ராட்ஜர்ஸை அனுப்பியது. சம்பளத்தைக் கடைசிவரை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அவர் கேட்டது சம்பளத்தோடு வந்த மற்றவற்றை: கார், பெட்ரோல், கிளப் உறுப்பினர் கட்டணம், ஆட்ட டிக்கெட், தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சி வருமானம் என்று 29 அயிட்டம். நீதிபதிகள் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். செக்ரெட்டரி, உதவியாளர் இவர்களையெல்லாம் தள்ளினார்கள். அது வேலை செய்வதற்காகக் கொடுத்தது, வேலை இல்லையென்றால் அதுவும் இல்லை. ஒப்பந்தத்தால் அவருக்குச் சேர வேண்டியிருந்த மற்ற சலுகைகளைக் கேட்கலாம் என்று வழி விட்டார்கள். இன்றைக்குக் கோச்சுகளின் ஒப்பந்தம் புத்தகம்போலத் தடித்திருப்பதில் அந்த 29 அயிட்டத்துக்கும் பங்கு உண்டு.

விளையாடுகிற பையன்கள் இந்தக் கணக்கில் எங்கே? 2025 ஜூலை 1க்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வருமானத்தில் அவர்களுக்கு நேரடிப் பங்கு கொடுத்ததே இல்லை. நீண்ட வழக்குக்குப் பிறகு இப்போது கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுக்கும் எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 2.05 கோடி டாலர் பகிரலாம். கெல்லி ஒருவரை வேலை செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கான விலை, அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

ஆனாலும் நான் கோச்சுகளின் பக்கம்தான் நிற்கிறேன். பணம் அதிகம் என்பது உண்மை. அதை எழுதிக்கொடுத்தவர்கள் படித்தவர்கள், பக்கத்தில் வக்கீலை வைத்துக்கொண்டு எழுதியவர்கள். சொன்னதைக் கொடுக்கத்தான் வேண்டும். காரணம் தேடுகிற பழக்கத்தை நான் வெறுப்பதற்கு இன்னொன்றும் உண்டு. மாணவர்களை நடத்துகிற விதத்தில் தப்பு இருந்தால் அது ஜெயிக்கிற வருஷத்திலும் தப்புதான். அன்றைக்கே விசாரிக்க வேண்டும். சம்பளத்தை மிச்சப்படுத்தும் கருவியாக அது மாறிவிட்டால், பிறகு உண்மையான புகாரைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

டெக்சஸ் டெக்கில் அதுதான் நடந்தது. மைக் லீச் அங்கே பத்து சீசன் இருந்தார், 84 வெற்றி. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அவ்வளவு ஜெயித்த கோச் இல்லை. 2009 டிசம்பரில், தலையில் அடிபட்டிருந்த ஒரு மாணவரைப் பயிற்சி நேரத்தில் ஒரு ஷெட்டுக்குள் நிற்கவைத்தார் என்று புகார் வந்தது. லீச் மறுத்தார். அந்தப் பையனுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. டிசம்பர் 28 சஸ்பெண்ட். 30ஆம் தேதி, காரணத்தோடு நீக்கம். 31ஆம் தேதி அவருக்கு 8 லட்சம் டாலர் போனஸ் சேர வேண்டிய நாள். அந்த ஒரு நாள் இடைவெளி எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது. பையனைப் பற்றிய கேள்வி பின்னால் போய், பணத்தைப் பற்றிய கேள்வி மட்டும் நின்றது.

லீச் வழக்குப் போட்டார். அது மாநில அரசின் பல்கலைக்கழகம். அரசு தானாகச் சம்மதித்தால் தவிர அதன்மேல் பண வழக்குப் போட முடியாது என்ற பழைய விதி குறுக்கே நின்றது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீக்கியதற்குச் சொன்ன காரணம் பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் முயலலாம், ஆனால் அதற்காகப் பணம் கேட்க முடியாது என்றது. 2012இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அதைக் கேட்பதற்கு ஒரு வாசல்தான் இல்லை.

அவர் பிறகு வாஷிங்டன் ஸ்டேட்டில் கோச்சாக இருந்தார், அப்புறம் மிசிசிப்பி ஸ்டேட்டில். 2009ஆம் ஆண்டுக்கான பணம் இன்னும் தனக்கு வரவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 2022 டிசம்பர் 12 அன்று, 61 வயதில், பதவியில் இருக்கும்போதே காலமானார். பணம் வரவில்லை.

(தொடரும்)