கரண்ட் போனாலும் கோப்பு பத்திரமா? உங்கள் கணினிக்கு ஏற்ற ஃபைல் சிஸ்டம் எது?

நாளைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டுக் கணினியில் சேமித்துக்கொண்டு இருக்கிறீர்கள். பாதியில் கரண்ட் போயிடுச்சு! திரும்ப வந்ததும் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்குமா? இதற்கான பதில், உங்கள் டிஸ்க்கில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதும் பொறுத்தது.

எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் காலி என்று கணக்கு வைத்துக்கொள்ளும் முறைதான் ஃபைல் சிஸ்டம். கணக்கை மாற்றி எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால், கணக்கு குழம்பிவிடும்.

ஜர்னல் என்ன செய்கிறது?

ஓர் அலுவலகப் பதிவறையை நினைத்துப் பாருங்கள். ஒரு கோப்பை வேறு அடுக்குக்கு மாற்றும் முன், எழுத்தர் அதைப் பதிவேட்டில் குறிக்கிறார். மாற்றி முடித்ததும் டிக் அடிக்கிறார். நடுவில் வேலை நின்றாலும், மறுநாள் டிக் இல்லாத வரிகளை மட்டும் பார்த்தால் போதும். முழு அறையையும் அலசத் தேவையில்லை. அந்தப் பதிவேடுதான் 'ஜர்னல்'.

ஆனால் ஒன்றை மறக்காதீங்க. பெரும்பாலான ஜர்னல்கள் காப்பது டிஸ்க்கின் கணக்கைத்தான். நீங்கள் இன்னும் சேவ் செய்யாத கடிதத்தை அவை மீட்டுத் தராது.

எதைத் தேர்வு செய்யலாம்?

* என்டிஎஃப்எஸ்: 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்தது. ஜர்னல் உண்டு. விண்டோஸ் கணினிக்கு இதுவே போதும். லினக்ஸிலும் இதைப் படிக்கலாம், எழுதலாம்.

* இஎக்ஸ்டி4: 2008 முதல் லினக்ஸில் நிலையான பயன்பாட்டில் உள்ளது. உபுண்டு, டெபியன் நிறுவும்போது இயல்பாகவே வருவது இதுதான். வீட்டுக் கணினிக்கு நம்பகமான தேர்வு. ஆனால் விண்டோஸ் இதை நேரடியாகப் படிக்காது.

* எக்ஸ்எஃப்எஸ்: பெரிய வீடியோ கோப்புகள், சர்வர் வேலைகளுக்கு ஏற்றது. இடத்தைக் கூட்டுவது எளிது. பிறகு குறைக்க நினைத்தால் சிரமம்தான்.

* பிடிஆர்எஃப்எஸ்: இதன் வழி வேறு. பழையதன் மேல் எழுதாமல், புதியதை வேறு இடத்தில் எழுதி முடித்த பிறகே கணக்கை மாற்றும். டிஸ்க்கின் முந்தைய நிலையைப் பதிந்து வைத்து, தேவைப்பட்டால் அதற்குத் திரும்பும் வசதியும் உண்டு. கொஞ்சம் பழகியவர்களுக்கு நல்லது.

* ஃபேட்32, எக்ஸ்ஃபேட்: பென் டிரைவ்களில் பார்ப்பவை. இவற்றில் ஜர்னல் கிடையாது. ஃபேட்32-இல் 4 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பை வைக்கவும் முடியாது. அதனால் முக்கிய ஆவணங்களைப் பென் டிரைவில் மட்டும் வைக்காதீங்க. கழற்றும் முன் 'எஜெக்ட்' கொடுக்க மறக்காதீங்க.

உங்களிடம் இருப்பது எது?

விண்டோஸில் 'சி' டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்தால் தெரியும். விண்டோஸ் கணினியில் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் கணினியில் இஎக்ஸ்டி4 என்று இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். வேறு வகைக்கு மாற்ற ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போய்விடும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் வசதியானது.

கடைசியாக ஒரு வார்த்தை. டிஸ்க்கே பழுதானாலோ, நாமே தவறுதலாக அழித்தாலோ எந்த ஜர்னலும் காப்பாற்றாது. சான்றிதழ்களுக்கு வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள், டிஜிலாக்கரிலும் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசி நாள் இரவு கரண்ட் போனாலும் பதற வேண்டியதில்லை!